வரைபடத்துல இல்லாத ஓடை: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல காட்டையும் நீர்ப்பிடிப்பையும் சேர்த்து மண்டலம் பிரிக்கிறது, அதாவது எந்த இடத்துல எதைச் செய்யலாம் எதைச் செய்யக்கூடாதுன்னு மேப்புல கோடு போட்டுப் பிரிக்கிறது பத்தி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். காடு ஒரு ஆபீஸோட மேப்புல, தண்ணி இன்னொரு ஆபீஸோட மேப்புல, கட்டட அனுமதி மூணாவது ஆபீஸோட மேப்புல இருக்கிற வரைக்கும் மூணையும் உருப்படியா காப்பாத்த முடியாது, இதுதான் அதோட சாரம். அதுக்கு நிறைய கேள்வி வந்துருக்கு, சிலது கோபமா கூட வந்துருக்கு, அதுவும் நல்லதுதான். முடிஞ்சதுக்கு இங்க பதில் சொல்றேன்.

கேள்வி: நீர்ப்பிடிப்புப் பகுதின்னா அணைக்குப் பின்னாடி தண்ணி தேங்கி நிக்கிற இடம்னுதான் இத்தனை நாள் நினைச்சேன். நீங்க காட்டையே நீர்ப்பிடிப்புன்னு எழுதுறீங்களே, எது சரி? – கல்லூரி மாணவி ஒருத்தர்

நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறாங்கம்மா. தேங்கி நிக்கிறது நீர்த்தேக்கம், நீர்ப்பிடிப்பு வேற. ஏதாவது ஒரு ஓடையில ஒரு இடத்துல நின்னுக்கோங்க, இங்க வர்ற தண்ணி மேல எங்கெங்க விழுந்த மழைன்னு பார்த்துக்கிட்டே முகடு வரைக்கும் ஏறிப் போங்க, முகட்டுக்கு இந்தப் பக்கம் விழற துளி இந்த ஓடைக்கு வரும், அந்தப் பக்கம் விழறது வேற ஓடைக்குப் போயிடும். அந்த முகட்டுக் கோட்டுக்குள்ள அடங்குற மொத்த நிலமும் நீர்ப்பிடிப்புதான், காடு, தோட்டம், வீடு, ரோடு, பாறை எல்லாம் சேர்த்து.

காட்டை ஏன் சேர்த்து பேசுறோம்னா, அந்த நிலத்துல விழற மழை உள்ள இறங்குதா மேலயே ஓடுதாங்கறதை முடிவு பண்றது காட்டுத் தரை. மரத்தை விட தரைதான் முக்கியம், இதை அழுத்திச் சொல்லணும்னு தோணுது. உதிர்ந்த இலை மக்கி மெத்தை மாதிரி கிடக்கும், அதுக்குக் கீழ வேர் செத்து விட்ட துவாரம், மண்புழு போட்ட துவாரம்னு மண்ணு சல்லடையா இருக்கும். மழை அதுல இறங்கி, மண்ணுக்குள்ளயே மெதுவா நகர்ந்து, வாரக் கணக்கா மாசக் கணக்கா கழிச்சு கீழ ஊத்தா வரும், மழையே இல்லாத மாசத்துல ஓடையில தண்ணி ஓடுதுன்னா இதனாலதான். அதே தரையை மெஷின் விட்டு அழுத்திட்டா, இல்ல வெட்டவெளியா விட்டுட்டா, மழை இறங்க வழி இல்லாம மண்ணையும் வாரிக்கிட்டு ஒரே மணி நேரத்துல ஓடிடும்.

கேள்வி: மண்டலம் பிரிக்கிறதுக்கு எதை வச்சு கோடு போடுறாங்க? யாரோ ஆபீசர் பேனாவால போடுற கோடா, இல்ல ஏதாவது கணக்கு இருக்கா? – ஓய்வு பெற்ற ஆசிரியர்

கணக்கு இருக்கு சார், நாட்டுக்கு நாடு வேற வேற கணக்கு. ரொம்ப எளிமையானது பிலிப்பைன்ஸ் 1975ல போட்டது, நூறு மீட்டர் போனா பதினெட்டு மீட்டர் ஏறுற அளவுக்கு, அதாவது 18 சதவீதமோ அதுக்கு மேலயோ சரிவு இருந்தா அந்த நிலத்தைத் தனியாருக்குப் பட்டா போடக்கூடிய வகையில சேர்க்கக்கூடாதுன்னு சட்டமே போட்டாங்க. ஒரே ஒரு அளவுகோல், யாரும் புரிஞ்சுக்கலாம், ஆனா மண்ணு எப்படி மழை எப்படின்னு அது பார்க்காது.

இந்தோனேசியாவோட 1990 ஆணையில ஒரு மார்க் முறை வச்சாங்க. சரிவுக்கு ஒரு மார்க், மண்ணு எவ்வளவு சீக்கிரம் அரிக்கும்ங்கறதுக்கு ஒரு மார்க், மழையோட தீவிரத்துக்கு ஒரு மார்க், மூணையும் கூட்டி 175 இல்ல அதுக்கு மேல வந்தா அது பாதுகாப்புக் காடு. மார்க் என்ன வந்தாலும் சரி, 40 சதவீத சரிவோ 2000 மீட்டர் உயரமோ தொட்டாலே அதுவும் பாதுகாப்புதான். தாய்லாந்து 1980கள்ல இன்னும் ஒரு படி மேல போய், சரிவு, உயரம், நிலத்தோட அமைப்பு, பாறை, மண்ணு, காடு எல்லாத்தையும் சேர்த்து நீர்ப்பிடிப்பை அஞ்சு வகுப்பா பிரிச்சாங்க, அஞ்சாவது வயல்வெளி, முதலாவது ஆறு பிறக்கிற உச்சி. அந்த முதல் வகுப்பையே 1ஏ, 1பின்னு ரெண்டாக்கினாங்க, காடு இன்னும் இருக்கிற உச்சி 1ஏ, ஏற்கெனவே வெட்டி பயிர் வச்ச உச்சி 1பி. எனக்கு இந்தப் பிரிப்பு ரொம்ப பிடிக்கும், ஏன்னா நிலத்தோட குணம் வேற, இன்னிக்கு அதுல என்ன இருக்குங்கறது வேற, காடு போயிடுச்சுங்கறதுனால அந்த இடம் ஆறு பிறக்கிற உச்சியா இல்லாம போயிடாதுன்னு அந்த வகுப்புலயே எழுதி வச்சுட்டாங்க. பல இடத்துல இது தலைகீழா நடக்குது, காடு அழிஞ்ச இடம் "இப்போ காடு இல்லையே"ன்னு சொல்லி பாதுகாப்புலேர்ந்து வெளிய எடுக்கப்படுது, அப்படின்னா முதல்ல அழிச்சவங்களுக்குத்தானே அது பரிசு?

இந்தக் கணக்கெல்லாம் சரிதான், ஆனா என்னை உறுத்துறது வேற ஒண்ணு. நான் ரொம்ப வருஷம் மேப் வேலை பார்த்தவன். மலைப் பிரதேச பிளான் பெரும்பாலும் ஐம்பதாயிரத்துக்கு ஒண்ணுங்கற அளவுல போடுவாங்க, அதுல ஒரு மில்லிமீட்டர்னா தரையில ஐம்பது மீட்டர். ஓடைக்கு ரெண்டு பக்கமும் முப்பது முப்பது மீட்டர் விடணும்னு விதி எழுதினா, மேப்புல அது ஒரு பக்கத்துக்கு அரை மில்லிமீட்டரை விட கொஞ்சம் கூட, நாம போடுற பென்சில் கோடே அந்த அகலம் இருக்கும். அதாவது விதி தரையில இருக்கு, மேப்புல இல்ல. அதைவிட மோசம், உச்சியில பிறக்கிற ஒரு அடி ரெண்டு அடி அகல ஓடைங்க அந்த மேப்புல வரவே வராது. ஒரு ஆத்தோட எல்லா கிளையையும் நீளத்தால கூட்டிப் பார்த்தா பாதிக்கும் மேல இந்த மாதிரி தலை ஓடைகள்தான், ஆத்துக்கு தண்ணி கொண்டு வர்றதே அதுங்கதான், அதுங்கதான் மேப்புல கிடையாது. ஒரு தடவை ஒரு திட்டக் கூட்டத்துல, வரைபடத்துல வெறும் சரிவுன்னு காட்டியிருந்த ஒரு இடத்துக்கு கட்டட அனுமதி பேசிக்கிட்டிருந்தாங்க, நான் அந்த இடத்துல நின்னுருக்கேன், கோடையிலயும் கணுக்கால் நனையிற ஊத்து அது. சொன்னேன். மேப்புல காட்டுங்கன்னாங்க. காட்ட முடியல. அனுமதி கொடுத்துட்டாங்க. இன்னிக்கும் அந்த இடத்தை நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு.

அதனால யாராவது மண்டலத் திட்டம் போடுறோம்னு வந்தா நான் கேட்கிற முதல் கேள்வி உங்க கணக்கு என்னங்கறது இல்ல, உங்க மேப்புல எவ்வளவு சின்ன ஓடை வரைக்கும் இருக்குங்கறதுதான்.

கேள்வி: ஓடை ஓரத்துல எத்தனை மீட்டர் விடணும்? ஒருத்தர் பத்துங்கிறார், ஒருத்தர் நூறுங்கிறார்.

ஒரே நம்பர் கிடையாதுங்க, எதுக்காக விடுறோம்ங்கறதைப் பொறுத்தது. ஓடைக்கு நிழல் வேணும், கரை இடியக்கூடாதுன்னா கொஞ்சம் போதும், மேலிருந்து வர்ற சேறும் உரமும் வடிகட்டணும்னா கூட வேணும், சரிவு கூட கூட இன்னும் அகலம் வேணும், விலங்குங்க நடமாடணும்னா அதுக்கும் மேல.

ஆனா நம்பரை விட முக்கியமான ஒண்ணு இருக்கு, எங்கேர்ந்து அளக்கிறோம்ங்கறது. பிரேசில் காட்டுச் சட்டத்துல பத்து மீட்டர் அகலம் வரைக்கும் இருக்கிற ஓடைக்கு ஒவ்வொரு பக்கமும் 30 மீட்டர், ஊத்தைச் சுத்தி 50 மீட்டர்னு இருக்கு. 2012ல சட்டத்தை மாத்தினப்போ இந்த 30 அப்படியே இருந்துச்சு, ஆனா முன்னாடி வெள்ளம் ஏறுற உச்ச மட்டத்துலேர்ந்து அளந்ததை சாதாரணமா தண்ணி ஓடுற படுகையோட கரையிலேர்ந்து அளக்கலாம்னு மாத்திட்டாங்க. நம்பர் மாறல, காடு மட்டும் சுருங்கிடுச்சு, ஏன்னா வெள்ளம் பரவுற ஈர நிலம் பூரா அந்த 30க்குள்ளயே அடங்கிப் போச்சு, சில இடத்துல அந்த ஈர நிலமே 30 மீட்டருக்கு மேல அகலம். அதனால எந்த வரைவு உங்க கைக்கு வந்தாலும் நம்பர் இருக்கிற வரியோட நிறுத்தாம "எதுலேர்ந்து"ங்கற வார்த்தையைத் தேடிப் படிங்க.

கேள்வி: மரம் வச்சா தண்ணி வரும்னு ஸ்கூல்ல படிச்சோம். மொட்டையா இருக்கிற மலை பூரா மரம் நட்டு அதையே நீர்ப்பிடிப்பு மண்டலம்னு அறிவிச்சுட்டா பிரச்சினை தீர்ந்துடாதா? – மரம் நடும் குழு ஒண்ணுல இருக்கிறவர்

உங்க உழைப்பை மதிக்கிறேன், அதனாலதான் இதை நேராவே சொல்றேன், எந்த மரம் எங்க நடுறோம்னு பார்க்காம நட்டா ஓடை வத்தக்கூட செய்யும். மரம் குடிக்கும்ங்க, வேகமா வளர்ற மரம் நிறைய குடிக்கும்.

இது அபிப்பிராயம் இல்ல, பக்கத்து பக்கத்துல ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு சின்ன நீர்ப்பிடிப்பை எடுத்து, ஒண்ணுல எதையும் தொடாம, இன்னொண்ணுல மரம் நட்டோ வெட்டியோ, ரெண்டு ஓடையையும் வருஷக்கணக்கா அளந்து பார்த்து கண்டுபிடிச்சது. நீலகிரியில கிளென்மார்கன்ல புல்வெளியா இருந்த நீர்ப்பிடிப்புல ஒரு பகுதியில 1972ல யூகலிப்டஸ், அதாவது நீலத் தைலமரம் நட்டு அளந்தாங்க, முதல் பத்து வருஷத்துலயே ஓடைத் தண்ணி சுமார் 16 சதவீதம் குறைஞ்சுது. தென்னாப்பிரிக்காவுல புல்லும் புதரும் இருந்த மலையில பைன் நட்டு ஓடை குறையறதைப் பார்த்துட்டு, 1972லேர்ந்து தோட்டக் காடு நடணும்னா பர்மிட் வாங்கணும்னு வச்சாங்க, அப்புறம் 1998ல வந்த தண்ணிச் சட்டம் அந்த மாதிரி மரத்தோட்டத்தை ஓடை நீரைக் குறைக்கிற செயல்னே வகைப்படுத்திடுச்சு. மரம் நடுறதுக்கே மண்டலக் கட்டுப்பாடு! முதல்ல படிச்சப்போ எனக்கும் ஆச்சரியமாத்தான் இருந்துச்சு, யோசிச்சுப் பார்த்தா அதான் நியாயம்.

வயசும் ஒரு விஷயம். ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் நகரத்துக்குத் தண்ணி வர்ற காடுகள்ல பெரும் பகுதியை ஆள் நடமாட்டமே இல்லாம மூடி வச்சிருக்காங்க, அங்க 1939 பெரிய காட்டுத்தீயில ஓங்கி வளர்ந்த பழைய யூகலிப்டஸ் காடு எரிஞ்சு, அந்த இடத்துல இளம் மரம் நெருக்கமா முளைச்சுது. அதுக்கப்புறம் பல பத்து வருஷம் ஓடை நீர் குறைஞ்சே இருந்துச்சு, ஏன்னா இளங்காடு முதிர்ந்த காட்டை விட நிறைய குடிக்குது. யூகலிப்டஸ்லயே பாருங்க, சொந்த மண்ணுல முதிர்ந்து நின்னா ஒரு மாதிரி, வேற மலையில புல்வெளி மேல நட்டா வேற மாதிரி. அப்போ முதிர்ந்த காட்டை வெட்டிட்டு வேற இடத்துல அதே எண்ணிக்கைக்கு கன்னு நட்டுத் தர்றோம்ங்கற கணக்கு, தண்ணியைப் பொறுத்தவரைக்கும் சமம் ஆகவே ஆகாது.

அதுக்காக நடாம இருங்கன்னு சொல்லல. அரிச்சுக் கெட்டுப்போன சரிவுல, அந்த மண்ணோட சொந்த மரங்களை, சில இடத்துல ஒண்ணும் நடாம மாடு ஆடு தீ மட்டும் வராம தடுத்து வச்சா தானா வர்றதை, வளர விடுங்க. ஆனா உச்சியில இருக்கிற புல்வெளியையும் சதுப்பையும் காலி இடம்னு நினைச்சுடாதீங்க, திட்டத்துல அதை தரிசுன்னு கலர் அடிச்சிருந்தா மொதல்ல அந்தக் கலரை மாத்தச் சொல்லி எழுதுங்க.

கேள்வி: மேல உட்கார்ந்து நீங்க கோடு போடுவீங்க, எங்க தாத்தா காலத்து நிலம் அதுக்குள்ள வந்தா வீட்டுக்கு ஒரு ரூம் கூட கட்ட முடியாது. கீழ இருக்கிற நகரத்துக்காரங்க குளிக்கிறதுக்கு நாங்க ஏன் கஷ்டப்படணும்? – மலை விவசாயி

ஐயா, வந்ததுலயே நேர்மையான கேள்வி உங்களோடதுதான்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு நடந்ததையே எடுத்துக்கோங்க. 2010ல மத்திய அரசு சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையில குழு போட்டாங்க, 2011ல அறிக்கை கொடுத்தாங்க, மொத்த மலையையும் சுமார் 9 கிலோமீட்டருக்கு 9 கிலோமீட்டர் கட்டங்களா பிரிச்சு மூணு மண்டலமா வகைப்படுத்தினாங்க. அந்த அறிக்கையே இது கடைசிக் கோடு இல்ல, கிராம சபைங்க வரைக்கும் கொண்டு போய் பேசி முடிவு பண்ணணும்னு சொல்லுச்சு. அந்தப் பேச்சு நடக்கல. எதிர்ப்பு வந்துச்சு, கஸ்தூரிரங்கன் தலைமையில இன்னொரு குழு 2013ல மலையோட சுமார் 37 சதவீதம் மட்டும் பாதுகாத்தா போதும்னு, கிராமத்தை ஒரு யூனிட்டா வச்சு பட்டியல் போட்டாங்க. தண்ணி கிராம எல்லையில நிக்காதே! ஒரு கிராமத்துல பாதி உச்சிக் காடு, பாதி வயலா இருந்தா மொத்த கிராமமும் உள்ள இல்லைன்னா மொத்தமும் வெளிய, ரெண்டுமே தப்பு. 2014லேர்ந்து 2024 வரைக்கும் ஆறு தடவை வரைவு அறிவிப்பு வந்துச்சு, ஆறாவது வந்தது 2024 ஜூலை 31, வயநாட்டுல நிலச்சரிவு வந்து ஊரே புதைஞ்சதுக்கு மறுநாள்.

இன்னொரு பக்கம் நியூயார்க்கைப் பாருங்க. அந்த நகரத்துக்குத் தண்ணி பெரும்பாலும் நூறு மைல் அளவுக்குத் தள்ளி இருக்கிற கேட்ஸ்கில், டெலவேர் மலைப்பக்கத்துலேர்ந்து வருது. 1990 வாக்குல நகரம் கடுமையான நில விதிகளை வரைவா எழுதி மேல இருக்கிறவங்க மேல போடப் பார்த்துச்சு, அவங்களும் உங்களை மாதிரியேதான் கோபப்பட்டு கோர்ட்டுக்குப் போனாங்க. அப்புறம் வருஷக்கணக்கா உட்கார்ந்து பேசி 1997ல ஒப்பந்தம் போட்டாங்க. விருப்பப்பட்டு விக்கிறவங்க நிலத்தை மட்டும்தான் வாங்கலாம், கட்டாயப்படுத்தி எடுக்கக்கூடாது. பண்ணைத் திட்டம் விவசாயியோட சேர்ந்து எழுதணும், மாட்டுக்கொட்டகைக் கழிவு ஓடைக்குப் போகாம தடுக்கிற செலவை, கெட்டுப்போன செப்டிக் டேங்க் சரி பண்ற செலவை நகரம் கொடுக்கும். விதியும் இருக்கு, கூடவே பணமும் இருக்கு. பல பில்லியன் டாலர்ல வடிகட்டும் பிளான்ட் கட்டுறதை விட இது மலிவுன்னு நகரத்துக்குத் தெரிஞ்சுது. கோஸ்டா ரிக்காவும் 1996 காட்டுச் சட்டத்துல, காட்டை வெட்டாம வச்சிருக்கிற நில உரிமையாளருக்கு தண்ணி உட்பட அந்தக் காடு செய்ற சேவைக்காக பணம் கொடுக்கலாம்னு வழி பண்ணாங்க.

அதனால உங்களுக்கு என் பதில் இது. கோடு வேணும், உச்சி ஓடை மேல ரூம் கட்ட விடக்கூடாது, அதுல நான் இறங்கி வர மாட்டேன், ஏன்னா அது நகரத்துக்காரங்க தண்ணி மட்டும் இல்ல, உங்க ஊத்தும் உங்க வீட்டுக்கு மேல இருக்கிற சரிவும் அதேதான். ஆனா உங்க நிலத்துல ஓடை படாத பகுதியில வீட்டை நீட்ட அனுமதி இருக்கணும், இழப்புக்கு கீழ இருக்கிறவங்க தண்ணிக் கட்டணத்துலேர்ந்து பணம் வரணும், கோடு போடுறப்போ உங்க நிலத்துல உங்களோட நடந்து போடணும். இந்த மூணும் இல்லாம வர்ற திட்டத்தை நீங்க எதிர்த்தா நான் உங்க பக்கம்தான்.

கேள்வி: காடு இருந்தா வெள்ளமே வராதா?

சின்ன மழை, நடுத்தர மழைக்கு நல்லா தாங்கும். நாள்கணக்கா கொட்டி மண்ணு பூரா நிரம்பிடுச்சுன்னா அதுக்கு மேல காட்டாலயும் ஒண்ணும் பண்ண முடியாது, காட்டுலயும் சரிவு இடியும். ஆனா வெட்டின சரிவு இன்னும் ஆபத்து, அதுவும் உடனே தெரியாது, வேர் மக்க சில வருஷம் ஆகும், புது வேர் பிடிக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற அந்த இடைவெளியிலதான் இடியும், அப்போ வெட்டினதை எல்லாரும் மறந்திருப்பாங்க. ஜப்பான் 1897லயே காட்டுச் சட்டம் போட்டு தண்ணிக்கும் மண்சரிவுக்கும்னு தனியா பாதுகாப்புக் காடுகளை ஒதுக்கிடுச்சு.

கேள்வி: எங்க பகுதி திட்டத்துல கட்டடத்துக்கு நிறைய கட்டுப்பாடு இருக்கு, ரோட்டைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. இது பரவாயில்லையா?

பரவாயில்லைன்னு சொல்ல முடியாது, பெரிய ஓட்டை அது. காட்டு நீர்ப்பிடிப்புல ஓடைக்கு வர்ற சேறுல பெரும் பங்கு பல இடத்துல ரோட்டுலேர்ந்துதான் வருது. சரிவைக் குறுக்கா வெட்டி ரோடு போட்டா, மண்ணுக்குள்ள மெதுவா வந்துக்கிட்டிருந்த தண்ணி அந்த வெட்டுமுகத்துல வெளிய வந்துடும், ரோட்டோர வாய்க்கால் அதைச் சேர்த்துக் கொண்டு போய் நேரா ஓடையில கொட்டிடும், அதாவது ரோடே ஒரு புது ஓடை ஆயிடுது. திட்டத்துல கேட்க வேண்டியது: ரோடு ஓடையை எத்தனை இடத்துல தாண்டுது, வாய்க்கால் தண்ணி ஓடைக்கு வர்றதுக்கு முன்னாடியே காட்டுத் தரையில பிரிச்சு விடுறாங்களா, வெட்டின மண்ணை எங்க கொட்டுறாங்க. கீழ்ச்சரிவுல தள்ளிவிடுறோம்னு சொன்னா விடாதீங்க.

கேள்வி: வரைவு வந்து கருத்துக் கேட்பு நடக்கப் போகுது. எங்களுக்கு மேப் படிக்கத் தெரியாது, நாங்க என்ன பண்ண முடியும்? – மகளிர் குழு ஒண்ணு

அக்கா, நீங்க பண்ணக்கூடியதை வேற யாராலயும் பண்ண முடியாது. தண்ணி தூக்கிட்டு வர்றவங்களுக்குத்தான் எந்த ஊத்து எந்த மாசம் வரைக்கும் ஓடும்னு தெரியும். வரைவு மேப்பை பெரிசா பிரிண்ட் எடுத்துக்கோங்க, போன்ல ஜிபிஎஸ் ஆன் பண்ணிட்டு கோடையோட கடைசியில ஒரு நடை, மழை முடிஞ்சதும் ஒரு நடை நடங்க. தண்ணி வர்ற ஒவ்வொரு இடத்துலயும் நின்னு போட்டோ எடுங்க, தேதியும் இடமும் பதிவாகுதான்னு பாருங்க, ஒரு நோட்டுல ஊத்தோட பேரு, எந்தெந்த மாசம் ஓடும், எத்தனை வீடு குடிக்குதுன்னு எழுதுங்க. கோடையிலயும் ஓடினா அதைத் தனியா குறிச்சுக்கோங்க, அந்த ஊத்துதான் முதல்ல காப்பாத்த வேண்டியது.

அப்புறம் அந்த இடங்களை மேப்புல புள்ளி வச்சு, "இந்தந்த ஊத்தும் ஓடையும் வரைவுல இல்ல, சேர்க்கணும்"னு கெடுவுக்குள்ள எழுத்துல கொடுங்க, வாயால சொன்னது கூட்டத்தோட போயிடும். ரெண்டு காப்பி எடுத்துட்டு போய், ஒண்ணுல தேதி போட்டு சீல் வாங்கி கையில வச்சுக்கோங்க. கணக்கெடுக்கிறப்போ சந்தேகம் வந்தா இந்தப் பக்கத்துக்கு எழுதுங்க, மேப்பையும் சேர்த்து அனுப்பினா நான் பார்த்து குறிச்சு அனுப்புறேன்.